விமான நிலையத்திலிருந்து ஊருக்கு: எந்த வாகனத்தில் போவது?

இந்தியாவிலிருந்து திரும்பும் குடும்பங்கள் பயணத்துக்கு முன்னர் எம்மிடம் நிறையக் கேட்கிறார்கள். காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, பாடசாலை அனுமதி, அடையாள அட்டை என்று கேள்விகள் நீளும். கட்டுநாயக்கவில் இறங்கியதும் ஊருக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் அநேகர் கேட்பதில்லை. "அங்க போய்ப் பாத்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே போய்ப் பார்க்கும்போது இரவாகியிருக்கும், பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள், எட்டுப் பொதிகள் தள்ளுவண்டியில் இருக்கும், முன்னால் நிற்கும் முதல் சாரதி சொல்லும் தொகையைக் கொடுத்துவிட்டு ஏறத்தான் தோன்றும். முதல் மாதச் செலவுக்கென்று வைத்திருந்த பணத்தில் பெரும் பகுதியை அந்த ஒரு பயணத்திலேயே கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களை நாம் சந்தித்திருக்கிறோம். பயணத்துக்கென்று உங்களுக்குக் காசாக ஏதும் தரப்பட்டிருந்தால், அதில் மிஞ்சுவது உங்கள் வீட்டுக்கு ஒரு மூடை அரிசி.

ஆகவே எந்த வாகனத்தில் போவது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்னரே, வீட்டில் இருந்து ஆறுதலாகத் தீர்மானியுங்கள். தீர்மானிக்கும்போது "எத்தனை மணிக்குப் புறப்படலாம்?" என்று தொடங்காதீர்கள். "ஊரில் எத்தனை மணிக்குப் போய் இறங்குவோம், அன்றிரவு எங்கே படுப்போம்?" என்று தொடங்குங்கள். இந்தக் கட்டுரையில் நாம் சொல்லும் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

எவ்வளவு தூரம்?

கட்டுநாயக்க, கொழும்புக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில், நீர்கொழும்புக்கு அருகே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்குக்குப் போகிறவர் சொந்தமாக ஒரு வாகனம் பிடித்தால் கொழும்புக்குள் போகவே தேவையில்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி என்று நேரே மேலே போகலாம். மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பினால் மன்னார் வீதி. நேரே போனால் வவுனியா. அதற்கு மேல் ஏ9 வீதியில் மாங்குளம், கிளிநொச்சி, யாழ்ப்பாணம். முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் மாங்குளத்தில் அல்லது பரந்தனில் திரும்ப வேண்டும்.

இந்த வழியால் கட்டுநாயக்கவிலிருந்து வவுனியா சுமார் 230 கிலோமீற்றர், மன்னார் சுமார் 290, யாழ்ப்பாணம் சுமார் 370. கிழக்குக்குப் போகிறவர்களுக்கு வழி வேறு. குருநாகல், தம்புள்ள, ஹபரண என்று போய், அங்கிருந்து ஒரு வீதி திருகோணமலைக்கும் மற்றது பொலன்னறுவை ஊடாக மட்டக்களப்புக்கும் பிரிகிறது. திருகோணமலை சுமார் 240, மட்டக்களப்பு சுமார் 290 கிலோமீற்றர்.

வானில் போனால் வவுனியாவுக்கு ஐந்து மணித்தியாலம், யாழ்ப்பாணத்துக்கு ஏழு எட்டு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் இன்னும் கூடும். இருபது முப்பது வருடங்களுக்கு முன்னர் இதே வழியால் சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக இறங்கி ஏறிப் போனவர்களுக்கு இது குறைவாகத் தெரியலாம். ஆனால் நீங்கள் அன்று காலை முகாமிலிருந்து புறப்பட்டு, சென்னை அல்லது திருச்சி விமான நிலையத்தில் காத்திருந்து, விமானத்தில் வந்து இறங்கிய பின்னர் தொடங்கும் பயணம் இது.

வெளியே வர எவ்வளவு நேரம் எடுக்கும்?

விமானம் தரையிறங்கும் நேரத்தை நீங்கள் வெளியே வரும் நேரமாகக் கணக்குப் போடாதீர்கள். சாதாரணப் பயணி ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடுவார். நீண்ட காலம் அகதியாக வெளிநாட்டில் இருந்துவிட்டு, தற்காலிகப் பயண ஆவணத்தில் திரும்புகிறவரிடம் குடிவரவு அதிகாரிகள் கூடுதலாக விசாரிப்பது வழக்கம். எப்போது போனீர்கள், எப்படிப் போனீர்கள், எந்த முகாமில் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். சில வேளை குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். இதற்குச் சில மணித்தியாலங்கள் எடுக்கலாம். அதன் பிறகு பொதிகள், சுங்கம்.

இதனால் இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். இறங்கி இரண்டு மணித்தியாலத்தில் புறப்படும் பஸ்ஸுக்கோ புகையிரதத்துக்கோ முன்கூட்டி ஆசனம் பதிவு செய்யாதீர்கள். தவறவிட்டால் அந்தக் காசு போய்விடும். மற்றது, ஊரிலிருந்து வான் வரச் சொல்லியிருந்தால், காத்திருப்புக்குக் காசு எடுப்பாரா, எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு எடுப்பார் என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள். இதைப் பேசாமல் விட்டதால் விமான நிலைய வாசலிலேயே சாரதியுடன் தகராறு பட்ட உறவினர்களைக் கண்டிருக்கிறோம்.

உங்கள் பயணத்தை ஒழுங்கு செய்த அமைப்பின் அலுவலர் விமான நிலையத்துக்கு வருவதாக இருந்தால், அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தால் போதாது. இந்திய சிம் அட்டை இங்கே வேலை செய்யாமல் போகலாம். உங்கள் சொந்தக்காரரின் எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். வருகை மண்டபத்தில் தொலைபேசி நிறுவனங்களின் கரும்பீடங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு உள்ளூர் சிம் அட்டை வாங்கிவிட்டால் மற்ற வேலைகள் எல்லாம் இலகுவாகிவிடும்.

எந்த ரூபாய்?

இது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் வாகனம் பேசும்போது அதிகம் ஏமாறுவது இதில்தான். இந்தியாவிலும் ரூபாய், இங்கேயும் ரூபாய். ஒரு இந்திய ரூபாய்க்கு இன்று மூன்றுக்கு மேற்பட்ட இலங்கை ரூபாய் கிடைக்கிறது. நீங்கள் இத்தனை வருடமும் இந்தியப் பணத்தில் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். சாரதி சொல்லும் இலங்கைத் தொகையைக் கேட்டதும் நெஞ்சு திக்கென்றுவிடும். சில வேளை மறுபக்கமாக நடக்கும். "இந்தியக் காசெண்டாலும் பரவாயில்லை, அதே தொகையைத் தாங்கோ" என்று ஒருவர் பெருந்தன்மை போலச் சொல்வார். அதைக் கொடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் கொடுத்தவராவீர்கள்.

வருகை மண்டபத்தில் வங்கிகளின் பணமாற்றுக் கரும்பீடங்கள் இருக்கின்றன. அன்றைய மாற்று விகிதம் பலகையில் போடப்பட்டிருக்கும். பயணத்துக்கும் முதல் சில நாட்களுக்கும் வேண்டிய பணத்தை அங்கேயே மாற்றி, பற்றுச்சீட்டை வாங்கி வைத்திருங்கள். சின்னத் தாள்களாகக் கேளுங்கள். பெரிய தாளுக்கு மாற்றுக் காசு இல்லை என்று பஸ் நடத்துனரும் ஓட்டோக்காரரும் சொல்வது வழக்கம். முழுப் பணத்தையும் ஒருவரிடம் வைத்திருக்க வேண்டாம். எங்கே யாரிடம் பேசும்போதும், "இலங்கைக் காசா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வான் பிடிப்பதென்றால்

குடும்பம் பெரிது, பொதிகள் அதிகம், வயதானவரோ நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கிறது என்றால் வான்தான் சரி. ஆறு ஏழு பேர் ஒன்றாகப் போகும்போது, பஸ் கட்டணம், பஸ் நிலையத்துக்குப் போகும் ஓட்டோ, இறங்கிய இடத்திலிருந்து கிராமத்துக்குப் போகும் ஓட்டோ, வழிச் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இடைவெளி நீங்கள் நினைத்த அளவுக்கு இருக்காது. ஒரே விமானத்தில் ஒரே மாவட்டத்துக்குப் போகும் வேறு குடும்பம் இருந்தால் சேர்ந்து பிடியுங்கள். ஆனால் ஏறும் முன்னர் மூன்று விடயங்களைப் பேசி முடியுங்கள்: யார் எவ்வளவு கொடுப்பது, யாருடைய வீட்டுக்கு முதலில் போவது, பொதிகள் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறதா. பத்துப் பேர் இருக்கக்கூடிய வானில் பத்துப் பேரும் அவர்களுடைய முப்பது பொதிகளும் ஒருபோதும் அடங்காது.

வான் கிடைக்கும் வழிகள் மூன்று. விமான நிலைய வருகை மண்டபத்துக்குள் இருக்கும் வாடகை வாகனக் கரும்பீடத்தில் கேட்கலாம். கட்டணத்தைச் சொல்லி, பற்றுச்சீட்டுத் தருவார்கள். பாதுகாப்பானது, ஆனால் தூரப் பயணத்துக்கு மலிவு என்று சொல்ல முடியாது. வாசலில் வந்து "வவுனியாவா, யாழ்ப்பாணமா?" என்று கூப்பிடுகிறவருடன் போகலாம். இதை நாம் சிபாரிசு செய்வதில்லை. அவர் சொல்லும் தொகைக்கு எழுத்து இல்லை, பாதி வழியில் வாகனம் மாறினாலும் கேட்க ஆள் இல்லை. மூன்றாவது வழி, உங்கள் ஊரிலிருந்தே ஒழுங்கு செய்வது. எம்முடைய அனுபவத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே நல்லது.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஒவ்வொரு நாளும் வெளிநாடு போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வான்கள் கட்டுநாயக்கவுக்கு வருகின்றன. இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிப் போகின்றன. அப்படித் திரும்பும் வான் ஒன்றில் உங்களை ஏற்றிக்கொண்டால், போகவும் வரவும் என்று இரண்டு வழிக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் சொந்தக்காரரிடம் சொல்லி, அந்தத் திகதியில் எயார்போட் ஹயர் இருக்கிற வான்காரர் யாரும் இருக்கிறாரா என்று ஒரு கிழமைக்கு முன்னரே விசாரிக்கச் சொல்லுங்கள். ஊருக்குள் தெரிந்த சாரதி என்பதால் உங்கள் கிராமத்து ஒழுங்கையும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பேசும்போது கேட்க வேண்டியவை: சொல்லும் தொகை முழு வாகனத்துக்கா, ஆளுக்கா? வீட்டு வாசல் வரையா, டவுன் வரையா? சாரதியின் சாப்பாடும் காத்திருப்பும் அதற்குள் அடங்குமா? வாகன இலக்கம் என்ன? தொகையையும் இலக்கத்தையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பச் சொல்லுங்கள். பிறகு ஒரு பேச்சு வந்தால் அந்த ஒரு வரி உதவும். முழுப் பணத்தையும் முன்னரே கொடுக்காதீர்கள். எரிபொருளுக்கென்று ஒரு பகுதி கேட்பது நியாயம். மீதியை இறங்கிப் பொதிகளை எண்ணிய பின்னர் கொடுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள், கேட்பது அவருக்குப் பிடிக்காவிட்டாலும்: "தம்பி, நேற்று இரவு நித்திரை கொண்டனீரா?" இரவிரவாக யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, உடனேயே திரும்ப ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மணித்தியாலம் படுத்துவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். புத்தளம்–அநுராதபுரம் வீதியிலும் ஹபரணைப் பக்கத்திலும் இருட்டில் யானைகள் வீதியைக் கடக்கும். தூக்கக் கலக்கத்தில் ஓடுவதற்கு ஏற்ற வீதிகள் அல்ல அவை.

பிக்மீ, ஊபர் போன்ற செயலிகள் மூலம் வாகனம் அழைப்பது நீர்கொழும்புக்கோ கொழும்புக்கோ போவதற்கு உதவும். உள்ளூர் தொலைபேசி எண்ணும் இணையமும் தேவை. சொந்தக்காரர் கொழும்பில் இருந்தபடியே உங்களுக்காக அழைத்துக் கொடுக்கலாம். கொழும்புக்கு அதிவேக வீதியால் போனால் நுழைவுக் கட்டணம் உண்டு. அதை யார் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வடக்குக்கு நேரே போகிற வானுக்கு அந்த அதிவேக வீதி தேவையில்லை, அதற்கென்று யாரும் காசு கேட்டால் கொடுக்கவும் தேவையில்லை.

பஸ்ஸில் போவதென்றால்

இரண்டு மூன்று பேர், ஆளுக்கு ஒரு பொதி என்றால் பஸ் போதும். மிகவும் மலிவானதும் அதுதான். விமான நிலையத்துக்கு அருகே அவேரிவத்தையில் ஒரு பஸ் நிலையம் இருக்கிறது. பொதிகளுடன் நடக்கக்கூடிய தூரம் அல்ல. ஒரு ஓட்டோ பிடியுங்கள். அங்கிருந்து 187 இலக்க பஸ் கொழும்பு கோட்டைக்குப் போகிறது. நீர்கொழும்புக்கும் பஸ் உண்டு.

இனி ஒரு கேள்வி வரும். வடக்குக்கான பஸ்கள் பல நீர்கொழும்பு வீதியால்தானே வருகின்றன, கொழும்புக்குத் திரும்பிப் போகாமல் வழியிலேயே ஏறலாமே? ஏறலாம், ஆசனம் இருந்தால். கொழும்பிலிருந்தே நிறைந்து வரும் பஸ்ஸில் வவுனியா வரை நின்றுகொண்டு போவது, அதுவும் அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, ஒரு தண்டனை. ஆகவே தூர பஸ் என்றால் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். கொழும்பு புறக்கோட்டைக்குப் போய், பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறி ஆசனம் பிடியுங்கள். அல்லது, முன்பதிவு செய்யும் தனியார் பஸ்ஸில் ஆசன இலக்கம் வாங்கி, நீர்கொழும்பு வீதியில் எந்த இடத்தில் ஏற்றுவார்கள் என்று நடத்துனரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்குக்குப் போகிறவர்கள் புறக்கோட்டைக்குப் போவதே நல்லது.

இரவு பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்கான சொகுசு பஸ்கள் அநேகமாக இரவில்தான் கொழும்பிலிருந்து புறப்படுகின்றன. விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடும். யாழ்ப்பாணத்துக்குப் போகிறவருக்கு அது வசதி. இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்க வெளிச்சம் வந்துவிடும், உள்ளூர் பஸ்ஸும் ஓடத் தொடங்கும். ஆனால் அதே பஸ் வவுனியாவைக் கடக்கும்போது இரவு இரண்டு மூன்று மணி. மாங்குளத்தைக் கடக்கும்போது இன்னும் விடிந்திருக்காது. முல்லைத்தீவுப் பக்கத்துக்குப் போகும் குடும்பம் ஒன்று அந்த நேரத்தில் மாங்குளம் சந்தியில் பொதிகளோடு இறங்கி, காலை பஸ் வரும்வரை பூட்டிய கடைத் திண்ணையில் பிள்ளைகளைப் படுக்க வைத்துக் காத்திருந்ததை எமது கள அலுவலர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறது. கட்டணமும் யாழ்ப்பாணம் வரைக்கும் கொடுத்திருந்தார்கள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிக் குடும்பங்களுக்கு எமது ஆலோசனை: பகல் பஸ்ஸில் போங்கள். பின்னேரம் நாலு ஐந்து மணிக்கு முன்னர் உங்கள் டவுனில் இறங்கும்படி பாருங்கள். கிராமத்துக்கான கடைசி பஸ்ஸைப் பிடிக்க அது வேண்டும்.

பஸ்ஸில் பயணச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பொதிகளுக்குக் கூடுதல் காசு கேட்டால் ஏற்றும் முன்னரே தொகையைப் பேசுங்கள். டிக்கியில் வைத்த பொதிகளின் எண்ணிக்கையை நடத்துனர் கேட்கச் சத்தமாகச் சொல்லுங்கள். கட்டணம் அதிகம் வாங்கினாலோ வேறு முறைப்பாடு இருந்தாலோ தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பஸ் இலக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

புகையிரதம்

வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் புகையிரதத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. மலசலகூடம் இருக்கிறது, எழுந்து நடக்கலாம். கொழும்பு கோட்டையிலிருந்து வடக்குப் பாதை அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி ஊடாக யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் போகிறது. நீங்கள் நாட்டை விட்டுப் போனபோது இந்தப் பாதையில் தண்டவாளமே இல்லாமல் இருந்திருக்கலாம். யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் திரும்பவும் ஓடத் தொடங்கியது 2014 ஒக்டோபரில். தலைமன்னார்ப் பாதை 2015இல் திறக்கப்பட்டது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் புகையிரதம் உண்டு.

குறைகளும் உண்டு. முதலில் நீங்கள் கோட்டைக்குப் போக வேண்டும். ஆசனம் முன்பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம். பாதை திருத்த வேலைக்காகவோ மழை வெள்ளத்தாலோ மூடப்படுவதும் நடக்கிறது. 2023இலும் 2024இலும் வடக்குப் பாதையின் பகுதிகள் திருத்தத்துக்காகப் பல மாதங்கள் மூடப்பட்டிருந்தன. ஆகவே திகதி குறித்தவுடன், உங்கள் சொந்தக்காரரை 1971 என்ற புகையிரத தகவல் எண்ணுக்கு அழைத்து, உங்கள் ஊர் வரை ஓடுகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். விமானம் வந்த அன்றே புகையிரதம் ஏறுவதைவிட, ஒரு இரவு தங்கி மறுநாள் காலை வண்டியில் போவதே சரிவரும்.

இரவில் இறங்கினால்

மாலை ஆறு மணிக்குப் பிறகு விமான நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு நாம் சொல்வது, அன்றிரவே ஊருக்கு ஓடாதீர்கள் என்பதுதான். "இத்தனை வருடம் கழிச்சு வந்திட்டு இன்னும் ஒரு இரவோ?" என்று கேட்பீர்கள். விளங்குகிறது. ஆனால் இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டால் வவுனியாவுக்கு இரவு ஒரு மணிக்குப் போவீர்கள். வீட்டுக் கூரை இருக்கிறதா, கிணறு இறைத்திருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா என்று தெரியாத ஒரு காணிக்குள் பிள்ளைகளுடன் அந்த நேரத்தில் இறங்க வேண்டாம். பற்றைக்குள் பாம்பு இருக்கும்.

கொழும்பிலோ வத்தளையிலோ நீர்கொழும்பிலோ சொந்தக்காரர் இருந்தால் அங்கே தங்குங்கள். இல்லாவிட்டால் நீர்கொழும்பில் சாதாரண விடுதிகள் இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர். அறை வாடகை ஆளுக்கா அறைக்கா என்று கேளுங்கள். விடுதியில் கடவுச்சீட்டையோ பயண ஆவணத்தையோ பார்த்து எழுதிக்கொள்ளலாம், பிரதி எடுக்கலாம். மூலப் பத்திரத்தை அவர்களிடம் விட்டுவிட்டு அறைக்குப் போகாதீர்கள். வான் சாரதியிடமும் அப்படித்தான்.

பத்திரங்கள் கையில்

பிறப்புச் சான்றிதழ்கள், இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிரஜாவுரிமைப் பத்திரம், முகாம் பதிவு அட்டை, பாடசாலை மாற்றுச் சான்றிதழ், காணி உறுதி, பழைய குடும்ப அட்டை. இவை எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் உறையில், அதுவும் ஒரு தோள் பையில், அதுவும் ஒருவருடைய தோளில். வானின் பின்பக்கத்திலோ பஸ்ஸின் டிக்கியிலோ வைக்காதீர்கள். உடுப்புப் பொதி தொலைந்தால் உடுப்பு வாங்கலாம். இந்தப் பை தொலைந்தால் கிராம அலுவலரிடம் பதிவு செய்வதிலிருந்து பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது வரை எல்லாம் பின்னுக்குப் போகும். மருந்து, குழந்தையின் பால்மா, ஒரு மாற்று உடுப்பு, தண்ணீர் ஆகியவையும் கையோடு இருக்கட்டும்.

மொழி

கட்டுநாயக்கவில் ஓட்டோக்காரரும் நடத்துனரும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும். ஆனால் நடத்துனர் கத்துவது உங்கள் காதுக்குப் புரியாமல் போகலாம். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுத்தமாகப் புரியாது. ஊர்ப் பெயர்களின் சிங்கள ஒலியைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். யாழ்ப்பாணம் – யாபனய. வவுனியா – வவுனியாவ. மன்னார் – மன்னாரம. முல்லைத்தீவு – முலதிவ். திருகோணமலை – திரிகுணாமலய. மட்டக்களப்பு – மடகலபுவ. நீர்கொழும்பு – மீகமுவ. "கீயத?" என்றால் எவ்வளவு. "மெதன பஹினவா" என்றால் இங்கே இறங்குகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள்தான் உங்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

பலாலியில் இறங்குகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்துக்கும், அதாவது பலாலிக்கும், விமான சேவை உண்டு. 2019இல் தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. யாழ்ப்பாணம் டவுன் அங்கிருந்து 20 கிலோமீற்றருக்கும் குறைவு. யாழ் மாவட்டத்துக்கும் கிளிநொச்சிக்கும் போகிறவர்களுக்கு ஒரு முழு நாள் பயணம் மிச்சம். ஆனால் இந்த வழியில் ஓடுபவற்றில் சின்ன விமானங்களும் உள்ளன. எத்தனை கிலோ பொதி கொண்டுவரலாம் என்பதை விமானச் சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். உங்கள் ஆவணத்துடன் அந்த வழியால் வரலாமா என்பதையும் பயணத்தை ஒழுங்கு செய்கிறவர்களிடம் முன்னரே உறுதிப்படுத்துங்கள்.

கடைசிப் பத்து மைல்

டவுனில் இறங்கியதும் பயணம் முடிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். தூர பஸ் நிறுத்தும் இடமும் உங்கள் கிராமத்து பஸ் நிற்கும் இடமும் வேறு வேறாக இருக்கலாம். கிராமத்து பஸ்கள் சில வழிகளில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான், ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் அதிலும் குறையலாம். உங்கள் ஊர் பஸ்ஸின் கடைசி நேரத்தைச் சொந்தக்காரரிடம் கேட்டு, தொலைபேசி எண்கள் எழுதிய அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டோ என்றால் ஏறும் முன்னர் கட்டணம் பேசுங்கள். ஒரு ஓட்டோவில் மூன்று பேர் போகலாம். பொதிகளுக்கு லாண்ட்மாஸ்டர் வைத்திருக்கும் அயலவர் ஒருவரைச் சந்திக்கு வரச் சொன்னால் இரண்டு ஓட்டோக் காசு மிஞ்சும்.

வழியில் விபத்தோ சுகவீனமோ ஏற்பட்டால் 1990 இலவச அம்புலன்ஸ் சேவை எல்லா மாகாணங்களிலும் இருக்கிறது. பொலிஸ் அவசர எண் 119. இரண்டையும் அந்தத் தாளின் மேல் ஓரத்தில் எழுதுங்கள்.

வீட்டு வாசலில் வாகனம் நின்றதும் எல்லோரும் ஓடிவருவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், ஆளுக்கொரு பொதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் வாகனத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஆசனங்களுக்கு அடியிலும் பாருங்கள். பொதிகளை எண்ணி முடித்த பின்னர் மீதிக் காசைக் கொடுத்து, சாரதியை அனுப்புங்கள்.